இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

1917ஆம் ஆண்டு. ஜெர்மனியின் மேல் சிலேசியாவில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த கோனிக்ஸ்ஹூட்டே நகரம். அங்கிருந்த விபத்து மருத்துவமனையில் ஒத்தாசைக்குச் சேர்ந்திருந்தான் லுட்விக் குட்மன் என்ற இளைஞன். ஒருநாள் முதுகெலும்பு முறிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைத் தூக்கிவந்தார்கள். வாலிப வயது, நல்ல ஆகிருதி, ஆனால் கால்கள் செயலற்றுப் போயிருந்தன. குட்மன் வழக்கப்படி நோய்க்குறிப்பு எழுத உட்கார்ந்தபோது மூத்த மருத்துவர் தடுத்தார். சில வாரங்களில் சாகப்போகிறவருக்குக் குறிப்பு எதற்கு என்பது அவர் கேள்வி. சொன்னபடியே நடந்தது. ஐந்தாவது வாரம், இரத்தத்தில் கிருமி பரவி அந்தத் தொழிலாளி இறந்துபோனார்.

அந்த மருத்துவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு எல்லோரும் அறிந்திருந்தது அதுதான். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் 80 சதவீதம் பேர் ஊர் திரும்பவில்லை என்பது மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் எனப்படும் எகிப்திய அறுவை மருத்துவச் சுவடியிலும் இதே தீர்ப்பைப் பார்க்கலாம். கழுத்தெலும்பு பிசகி, கைகால் உணர்விழந்து, தன்னையறியாமல் சிறுநீர் சொட்டுகிறவர் சிகிச்சைக்கு உரியவரில்லை என்கிறது அது. சுவடியின் வயது ஏறக்குறைய 3,600 ஆண்டுகள். அதற்குப் பிறகு மருத்துவம் எங்கெங்கோ போய்விட்டது. இந்த நோயாளிகள் மட்டும் அதே தீர்ப்போடு கிடந்தார்கள்.

அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தால்தான் கதையின் முடிச்சு பிடிபடும்.

தண்டுவடம் ஏறக்குறைய 45 செண்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். மூளையின் அடிப்பகுதியில் தொடங்கி, இடுப்பு முள்ளெலும்புகளின் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. எலும்பு முறியும்போது அது முழுதாக அறுந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் நசுங்குகிறது. பிறகு இரத்தம் கசிந்து, வீங்கி, முதல் அடியில் தப்பிய நரம்பிழைகளும் அடுத்த சில மணி நேரங்களில், நாட்களில் சாகின்றன. அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் போகின்றன. வெளியில் இருப்பவர்களின் கண்ணுக்குத் தெரிவது இது மட்டும்தான். சிறுநீர், மலம், வியர்வை, இரத்த அழுத்தம், பாலுறவு ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடும் இதோடு சேர்ந்து போகிறது.

இதில் எதுவும் நேரடியாக ஆளைக் கொல்வதில்லை, அடி கழுத்தின் மேற்பகுதியில் பட்டு மூச்சு நின்றால் ஒழிய. கொன்றது தோலும் சிறுநீர்ப்பையும்.

இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் பல தடவை நெளிந்திருப்பீர்கள். தூக்கத்திலும் புரண்டுகொண்டேதான் இருக்கிறோம். தோலில் ஓடும் நுண்குழாய்களுக்குள் இரத்தத்தின் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம்தான். அதைவிட அதிகமாக வெளியிலிருந்து நீண்ட நேரம் அழுத்தினால் இரத்த ஓட்டம் நின்று திசு பட்டினி கிடக்கத் தொடங்குகிறது. நமக்கு அது ‘கடுக்கிறது’ என்று தெரிகிறது, நகர்ந்துகொள்கிறோம். தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்தச் செய்தி மேலே போவதில்லை. போனாலும் புரண்டுகொள்ள வழியில்லை. கொடுமை என்னவென்றால், முதலில் சாவது பெரும்பாலும் மேல்தோல் கிடையாது. எலும்பை ஒட்டிய தசைதான் முதலில் அழுகுகிறது. வெளியே ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு மட்டும் தெரிகிற நேரத்தில் உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். தோல் உடைந்தால் கைமுட்டி நுழையும் அளவுக்குப் புண். அதன் வழியே கிருமி எலும்புக்குப் போய், இரத்தத்துக்குப் போய், ஆளைச் சாய்க்கும்.

சிறுநீர்ப்பைக்கு வேறு கணக்கு. நிரம்பியது தெரியாது, தானாக முழுதாகக் காலியாகாது. தேங்கிய நீரில் கிருமி வளரும். அழுத்தம் ஏறி, நீர் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகங்களைக் கெடுக்கும். அந்நாளில் நிரந்தரமாக ஒரு குழாயைப் போட்டுவிடுவார்கள், அல்லது அடிவயிற்றில் துளையிட்டு நீரை வெளியே விடுவார்கள். இரண்டுமே கிருமிக்கு வாசல் திறந்துவிட்ட வேலை.

முதலில் இதைத் தடுக்கலாம் என்று காட்டியவர் குட்மன் அல்லர். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் டொனால்ட் மன்ரோ என்ற அறுவை மருத்துவர் 1930களிலேயே தண்டுவட நோயாளிகளுக்குத் தனிப்பிரிவு நடத்தினார். சிறுநீர்ப்பையை நிரப்பி வடித்துப் பழக்கினார், ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்தார். பெனிசிலின் வருவதற்கு முன்பே அவரது நோயாளிகளில் பலர் வீடு திரும்பினார்கள். மன்ரோவின் பெயர் வெளியே அதிகம் தெரியாமல் போனது எனக்கு எப்போதும் உறுத்தும்.

குட்மன் அதற்குள் பிரெஸ்லௌ நகரில் பெயர்பெற்ற நரம்பியல் மருத்துவராகியிருந்தார். யூதர் என்பதால் 1933இல் வேலை போனது. அங்கிருந்த யூத மருத்துவமனைக்குப் போனார். 1938 நவம்பர் 9 இரவு யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் எரிந்தபோது, வாசலுக்கு வருகிற எவரையும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 64 பேர் சேர்ந்தார்கள். மறுநாள் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்தபோது கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொருவருக்கும் ஒரு வியாதியைச் சொன்னார். 60 பேர் தப்பினார்கள். 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில், ஐரோப்பாவில் பெரும் தரையிறக்கத்துக்கு நேச நாடுகள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. முதுகு உடைந்த சிப்பாய்கள் நிறைய வருவார்கள் என்பது தெரிந்ததே. அவர்களுக்காக எய்ல்ஸ்பரி அருகே ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 26 கட்டில்களோடு ஒரு பிரிவு 1944 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குட்மனுக்கு வந்தது. யாரும் போட்டிக்கு வந்த பதவி அல்ல அது.

வந்தவுடன் பிளாஸ்டர் படுக்கைகளை ஒழித்தார். நோயாளியை மாவுக்கட்டு அச்சில் கிடத்தி வைப்பதுதான் அதுவரை வழக்கம். எலும்பு கூடும், முதுகுத்தோல் அழுகும். குட்மன் ரப்பர் மெத்தைத் துண்டுகளை வைத்து உடம்பைத் தாங்கவைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலும் இரவும், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று விதி போட்டார். ஆட்கள் அதைச் செய்கிறார்களா என்று நடுநிசியில் வந்து நின்று பார்ப்பார். சிறுநீர்க் குழாயை ஆரம்பத்தில் மருத்துவர்களே, அதன் நுனியைக் கை தொடாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டு எடுக்க வேண்டும் என்றார். அது கீழ்நிலை ஊழியர் வேலை என்று நினைத்திருந்த மருத்துவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. சர்வாதிகாரி என்ற பெயரும் வந்தது. அந்தப் பெயரில் உண்மை உண்டு. ஆனால் இருபத்துநாலு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பதினோரு முறை செய்தால் போதாது என்பதை, நல்லவிதமாகப் பேசி நடத்தியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பெனிசிலினும் அந்த நேரத்தில்தான் கைக்கு வந்தது. அதற்குரிய பங்கைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் மருந்து மட்டும் போதவில்லை என்பதற்கு அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டனின் முடிவைப் பார்க்கலாம். 1945 டிசம்பர் 9 அன்று கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. வென்ற ராணுவத்தின் சிறந்த மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். நுரையீரல் இரத்தக்குழாய் அடைத்து டிசம்பர் 21 அன்று இறந்தார். அவருக்குக் கழுத்தில் அடி, ஸ்டோக் மாண்டவில்லில் இருந்த பலருக்கு முதுகில் அடி. நேர் ஒப்பீடு நியாயமாகாது. ஆனாலும் சாதாரணச் சிப்பாய்கள் அங்கே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேலை பழகிக்கொண்டிருந்தது அதே மாதம்தான்.

குட்மன் நடத்திய வில்வித்தைப் போட்டி பாராலிம்பிக்காக வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும், இங்கே வேண்டாம். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது 1947இல் அவரும் உடலியங்கியல் அறிஞர் டேவிட் விட்டரிட்ஜும் எழுதிய ஆய்வு. சிறுநீர்ப்பை நிரம்பினால் உயரமான இடத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்று அளந்தார்கள். மார்பின் ஆறாம் நரம்புக்கண்டத்திலோ அதற்கு மேலேயோ அடி இருந்தால் மூளையின் கட்டுப்பாடு கீழே வராது. நிரம்பிய பையோ, இறுகிய மலமோ கீழ் உடம்பின் இரத்தக்குழாய்களை எல்லாம் சுருங்கவைக்கும். இரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறும். மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை. விட்டால் மூளையில் இரத்தம் கசியும். இவர்களுக்கு இயல்பான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகவே 150 என்று காட்டினால் மற்றவர்களுக்குப் பரவாயில்லை, இவர்களுக்கு ஆபத்து. இது தெரியாத அவசரப் பிரிவில் தலைவலி மாத்திரை கொடுத்து உட்காரவைத்து விடுவார்கள். செய்ய வேண்டியது எளிது: ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, யூரின் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல சமயம் மடிப்பை நீக்கியதும் அழுத்தம் இறங்கிவிடும்.

ஆள் பிழைக்கத் தொடங்கியபின்தான் அவரை அளக்கவேண்டிய தேவை வந்தது. சாகப்போகிறவருக்குக் குறிப்பு வேண்டாம்; நாற்பது ஆண்டு வாழப்போகிறவருக்கு வேண்டும். ஸ்டோக் மாண்டவில்லின் ஹான்ஸ் ஃபிராங்கெல் 1969இல் ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகளை வகுத்தார். அமெரிக்கத் தண்டுவடச் சங்கம் 1982இல் அதை விரித்தது. இன்று உலகெங்கும் பயன்படும் சோதனை அதன் வழிவந்ததுதான்.

அதற்கு வேண்டிய கருவிகள் ஓர் ஊக்கு, கொஞ்சம் பஞ்சு, கையுறை போட்ட ஒரு விரல். ஸ்கேன் இயந்திரம் கோடிக்கணக்கில் விலை போகிற காலத்திலும் இதற்கு மாற்று வரவில்லை. உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் பஞ்சால் வருடியும், ஊக்கின் கூர்முனையால் குத்தியும், முகத்தில் தெரிவது போலவே இங்கேயும் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் 0, மாறித் தெரிந்தால் 1, சரியாகத் தெரிந்தால் 2. கட்டைவிரல் கழுத்தின் ஆறாம் கண்டம், சுண்டுவிரல் எட்டாம் கண்டம், தொப்புள் மார்பின் பத்தாம் கண்டம் என்று உடம்பே ஒரு வரைபடம். பிறகு பக்கத்துக்குப் பத்துத் தசைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. முழு பலம் இருந்தால் மொத்தம் 100.

கடைசியில் விரல். ஆசனவாயில் அழுத்தம் தெரிகிறதா, அதைச் சுருக்க முடிகிறதா என்று பார்ப்பது. நோயாளிக்குக் கூச்சம், பயிற்சி மருத்துவருக்கு அதைவிடக் கூச்சம். அதனாலேயே சிலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் பாதிப்பு முழுமையா, பகுதியா என்பது இங்கேதான் முடிவாகிறது. தண்டுவடத்தின் கடைக்கோடி நரம்புகளுக்குச் செல்லும் இழைகளில் பல அதன் ஓரத்தை ஒட்டி ஓடுகின்றன. நடுப்பகுதி நசுங்கினாலும் ஓரத்தில் சில தப்பலாம். கால் முழுக்க மரத்துக் கிடக்கிறவருக்கு அங்கே ஒரு சிறு உணர்வு மிஞ்சியிருந்தால் அவர் ஏ அல்ல, பி. அந்த ஒரு எழுத்து வித்தியாசம் பல ஆண்டு வாழ்க்கை. பி நிலையிலும் பஞ்சு மட்டும் தெரிகிறவரைவிட ஊக்குக் குத்துத் தெரிகிறவர் பின்னால் நடக்கும் வாய்ப்பு அதிகம். குத்தலைக் கொண்டுபோகும் இழைகள், தசையை அசைக்கும் இழைகளின் பக்கத்திலேயே ஓடுவது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பக்கத்து வீடு தப்பியிருந்தால் இந்த வீடும் தப்பியிருக்கலாம் என்கிற ஊகம்.

முதல் நாள் எடுத்த மதிப்பெண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆள் மயக்கத்தில் இருப்பார், வலி மருந்து ஏறியிருக்கும், தண்டுவடமே அதிர்ச்சியில் அடங்கியிருக்கும். 72 மணி நேரம் கழித்து எடுப்பது நம்பத் தகுந்தது. இன்னொன்றும் உண்டு. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே முதல் மாதங்களில் பலருக்கு மதிப்பெண் கொஞ்சம் ஏறுகிறது. இந்தத் துறையில் ஏமாந்தவர்களும் ஏமாற்றியவர்களும் நுழைந்த கதவு இதுதான்.

மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்துக்கொள்வோம். 1990இல் அமெரிக்காவில் 487 பேரிடம் நடந்த சோதனை. மொத்தக் கணக்கில் பலன் ஏதுமில்லை. எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது மதிப்பெண் சற்று ஏறியிருந்தது. அந்தப் பிரிப்பு போதுமானதாக இருந்தது. உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று ஊசி ஏறத் தொடங்கியது. பலன் மீது நம்பிக்கை இல்லாமலே, கொடுக்காவிட்டால் வழக்கு வரும் என்ற பயத்தில் கொடுத்ததாகப் பல மருத்துவர்கள் கருத்துக்கணிப்புகளில் ஒப்புக்கொண்டார்கள். கிருமித்தொற்றும் குடலில் இரத்தக்கசிவும் இதன் பக்கவிளைவுகள். 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொன்னது. 23 ஆண்டுகள் ஆயின.

ஸ்டீராய்டாவது முறையான சோதனைக்கு உட்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசி போடும் இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கமே கிடையாது. ஊசி போட்டபின் விரல் அசைந்தால் ஊசியால் அசைந்தது என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதிகளின்படி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது; ஆய்வென்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நிலத்தை விற்றுக்கொண்டு வருகிற குடும்பத்துக்கு இந்த ஒரு வரியை யாராவது சொன்னால் புண்ணியம்.

நம் பக்கத்தில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் மேரி வர்கீஸ். வேலூர் சிஎம்சியில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டது. தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று யோசனை சொன்னவர் அங்கிருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி அதைச் செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து வேலூரில் அதற்கென ஒரு துறையை நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. தென்னை மரத்திலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்தவர்கள், பைக்கில் அடிபட்டவர்கள் என்று பல தலைமுறை அங்கே உட்காரப் பழகியிருக்கிறது.

மருத்துவமனையில் இருக்கும்வரை புரட்டிவிட ஆள் உண்டு. வீட்டுக்கு வந்தபின் அந்த வேலை அம்மாவுடையது, மனைவியுடையது. செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திருப்பவர்கள் உண்டு. வாட்டர் பெட் வாங்கிவிட்டால் புரட்ட வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு, அது தவறு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கவோ முன்னால் சாயவோ வேண்டும். தினமும் கண்ணாடி வைத்துப் பின்பக்கத் தோலைப் பார்க்க வேண்டும். சூடான பாத்திரத்தை மடியில் வைக்கக் கூடாது. தொடை வெந்தாலும் தெரியாது.

சிறுநீருக்கு வழி சொன்னவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடிஸ். பை அளவுக்கு மீறி உப்பும்போது அதன் சுவருக்கு இரத்தம் குறைந்து கிருமி பிடிக்கிறது, ஆகவே வேளாவேளைக்குக் காலி செய்வதே முக்கியம், நூறு சதவீதக் கிருமிநீக்கம் அல்ல என்று 1972இல் எழுதினார். சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு நோயாளியே குழாயை விட்டு நீரை எடுத்துவிடலாம் என்றார். அறுவை மருத்துவ உலகம் முகம் சுளித்தது. ஆனால் பலன் தெரிந்தது. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை, பை 500 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சிறுநீரகம் பிழைக்கும். நம் ஊரில் பலர் ஒரே குழாயைக் கழுவி உலர்த்தித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. தண்டுவட மருத்துவத்தில் அதிக உயிர்களைக் காத்த கண்டுபிடிப்புகளைக் கேட்டால் நான் முதலில் இந்தச் சிறு குழாயைச் சொல்வேன். அதற்கும் ஒரு இடையூறு உண்டு: பெண்களுக்கு வெளியில் இதைச் செய்ய ஒதுங்க இடம் வேண்டும். பல அலுவலகங்களில் சக்கர நாற்காலி நுழையும் கழிவறை கிடையாது என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

சரி, அடிபட்டவர்கள் எதைக் கேட்கிறார்கள்? 2004இல் கிம் ஆண்டர்சன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 681 பேரிடம் இதைக் கேட்டார். அவரே கழுத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர். கைகால் நான்கும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதலில் கேட்டது கையை. கால்கள் மட்டும் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் பாலுறவு முதலிடத்தில் இருந்தது. சிறுநீரும் மலமும் இரு தரப்பிலும் மேலே வந்தன. நடப்பது அதற்குப் பிறகுதான்.

செய்தித்தாள்களுக்கு நடப்பதுதான் வேண்டும். 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் லூயிவில்லில், அசைவு முழுக்கப் போய் உணர்வு ஓரளவு மிஞ்சியிருந்த ராப் சம்மர்ஸ் என்ற பேஸ்பால் வீரரின் தண்டுவட உறைமேல் மின்முனைகள் பதித்தபோது அவர் நின்றார், விரும்பியபோது காலை அசைத்தார். மின்சாரம் எதையும் ஒட்டவைக்கவில்லை. அடிபட்ட இடத்தைத் தாண்டி மிஞ்சியிருக்கும் சில இழைகளின் முணுமுணுப்புக்குக் கீழே இருக்கும் நரம்புக் கூட்டம் செவிசாய்க்கும்படி அதை உசுப்பிவிட்டது. ஏ, பி என்று பிரித்த எழுத்துகளையே இது கேள்விக்குள்ளாக்கியது: ஊக்குக்கும் விரலுக்கும் அகப்படாத இழைகளும் உண்டு. 2023இல் வெளியான ஆய்வில், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கிரெகுவார் குர்டீனின் குழு மூளையிலிருந்து நேராகச் செய்தி எடுத்துத் தண்டுவடத்துக்கு அனுப்பி ஒரு டச்சுக்காரரைப் படியேறவைத்தது. பிரமிக்கத்தக்கது. ஒரே ஒருவர் என்பதையும் மறக்கக் கூடாது.

எனக்கு அதைவிட நெருக்கமாகப்படுவது 2024இல் வெளிவந்த ஒரு சோதனை. அறுவை இல்லை, கழுத்துத் தோல்மேல் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு கைப்பயிற்சி. 60 பேரில் 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் செயலும் கூடின. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. பாட்டில் மூடியைத் திறப்பது, முள்கரண்டியைப் பிடிப்பது போன்ற வேலைகளுக்கு உதவும் பலம் அது. அடிபட்டு 34 ஆண்டு ஆனவருக்குக்கூட முன்னேற்றம் தெரிந்தது. அத்தனை ஆண்டு தோலையும் சிறுநீரகத்தையும் காத்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் அந்தச் சோதனையில் இடம் கிடைத்திருக்க முடியும்.